கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு சுவர்

இந்த வீட்டில் இனிமேல் 'சுவர்' என்கிற வார்த்தையே காதில் விழக் கூடாது என்று பெயிண்டர் முடிவு செய்தார். ஏதோ போகிற போக்கில் எடுத்த முடிவில்லை. தலை துவட்டிய துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு எடுத்த முடிவு. துண்டை உதறி எடுத்த முடிவை அவர் ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை. அவர் மனைவி மாற்றியிருக்கிறாள். அது வேறு கதை.

அவருக்குச் சோறு போடுவதே சுவர்தான். பள்ளிக்கூடம், பேங்கு, பெரிய டாக்டர் வீடு எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. அவர் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் அவரேதான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஹாலில் ஒரு சுவர். ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குத் தட்டி நின்றது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அதில் ஒரு வாத்து தெரியும். பிள்ளைகள் வளர்ந்தார்கள். வாத்தும் கூடவே வளர்ந்தது. இப்போது அது ஒட்டகம். அவர் மனைவி ஒரு அலமாரியை முன்னால் நிறுத்தி அதை மறைத்துப் பார்த்தாள். உடம்பு மறைந்தது. தலை மட்டும் அலமாரிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலையில கும்பிட உட்கார்றேன். கண்ணை மூடினா கடவுள் தெரியறாரு. கண்ணைத் திறந்தா ஒட்டகம் தெரியுது. உங்களுக்கே நல்லா இருக்காங்க?"

"கண்ணை மூடியே வெச்சுக்கோ."

"ஊர்ச் சுவரெல்லாம் பளபளங்குது. நம்ம வீட்டுச் சுவர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இந்தா பாரு. வாரம் பூரா சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போவுது. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் பாயைப் போட்டு, ரேடியோவை வெச்சு, மேலே ஓடற ஃபேனைப் பார்க்கிறேன். அதையும் பிடுங்காதே."

அதுதான் சங்கதி. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குச் சுவர். இரண்டு பேரும் கேட்டது நியாயம்தான். அதனால்தான் சண்டை முடியவே இல்லை.

மகள் போன் செய்த அன்றைக்கு இந்தச் சண்டைக்கு ஒரு புது வழி பிறந்தது. மருந்துக்கடையில் அவளை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். ஞாயிறு சாயங்காலம் தன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறாளாம். தாய் அங்கேயே கைகூப்பிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். சொல்லி முடித்த கையோடு, "அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே செய்யணுமே" என்றாள்.

பெயிண்டர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்ன பெரிய சமையல்? ஒண்ணு மேல ஒண்ணு போடறதுதானே."

போனில் மகள் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா நீங்க ஒண்ணு செய்யுங்களேன்ப்பா. அடுப்பே பத்தவைக்க வேணாம். கண்ணாடிப் பாத்திரத்துல அடுக்கடுக்கா போட்டு, சிப்ஸால தொட்டுச் சாப்பிடறது. டிப்புனு பேரு. எங்க கடையில எல்லாருக்கும் உசிரு."

"அடுக்கடுக்காவா?" பெயிண்டர் காது நிமிர்ந்தது. "அடியில என்ன கோட்டு?"

"சிவப்பு பீன்ஸ். டப்பாவில வெந்தே வரும். மசிச்சுத் தடவணும்."

"அது பட்டி, சுவர்ல மேடு பள்ளம் அடைக்கிறது. அப்புறம்?"

"அவகாடோ. கூழ் மாதிரி பச்சையா."

"பிரைமர். அப்புறம்?"

"கெட்டித் தயிர். வெள்ளையா."

"ஃபர்ஸ்ட் கோட்டு."

"அதுக்கு மேல தக்காளி வெங்காயம் பொடியா நறுக்கி, தண்ணி வடிச்சு. அதுக்கு மேல துருவின சீஸ். கடைசியில வெங்காயத் தாளும் ஆலிவும் தூவணும்."

"பார்டர்!" என்று தொடையில் தட்டினார் பெயிண்டர். "இதுக்கா சமையல்னு பேரு? இது என் தொழில்மா! ஒரு பாத்திரத்துக்குள்ள ஒரு சுவர், அவ்வளவுதான்."

தொடையில் தட்டிய வேகத்தில் மனைவி பக்கம் திரும்பினார். "பந்தயம். விருந்து முடியறதுக்குள்ள என் பாத்திரம் காலியாச்சுன்னா, அந்தச் சுவரைப் பத்தி நீ ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"மிச்சம் இருந்தா?"

"அடுத்த ஞாயிறே பிரஷ்ஷைத் தூக்கறேன்."

"சரிங்க."

அவருக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் சட்டென்று சொன்ன 'சரிங்க' எதுவும் சட்டென்று முடிந்ததில்லை.

"என்ன, உடனே சரிங்கறே?"

"ஆயுசுக்கும்னா எதுக்கு ஞாயிறு வரைக்கும் காத்திருக்கணும்? இப்பவே நிறுத்திக்கறேன். இந்த நிமிஷத்திலிருந்து அந்த வார்த்தை என் வாயில வராது. போதுமா?"

போதும்தான். போதாமல் என்ன? ஆனாலும் பெயிண்டர் திருதிருவென்று முழித்தார். ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே பரிசைக் கையில் கொடுத்தால் மனுஷன் என்னதான் நினைக்கிறது?

அவர் மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாள் முழுக்கப் பிடிவாதக்காரப் பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து அனுப்புவாள். வீட்டுக்கு வந்ததும் தன் கணவரைப் பார்ப்பாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். பீன்ஸ் டப்பா எடுத்தாள். இன்னொன்றும் எடுத்தாள். அவகாடோவை மெல்ல அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினாள். அதிலும் இரண்டு பங்கு.

"எதுக்கும்மா எல்லாம் ரெண்டு ரெண்டா?"

"இருக்கட்டுமே. எதுக்கும் ஆகும்."

சீஸ் வைத்திருந்த இடத்தில் நின்றாள். ஒன்று வெள்ளை. ஒன்று இளமஞ்சள். இன்னொன்று காவி மாதிரி.

"இதுல எந்தக் கலர் நல்லா இருக்கும்? உங்களுக்குத்தான் கலர் தெரியும்."

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டால் நெஞ்சு கொஞ்சம் அகலமாகிவிடும். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இந்த இளமஞ்சள்தான். வெள்ளைன்னா மொட்டையா இருக்கும். காவின்னா இருட்டடிக்கும். இது இருக்கே, சின்ன இடத்தைக்கூடப் பெருசா காட்டும். வெளிச்சம் பட்டா அப்படியே சிரிக்கும்."

"இதுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

"நான் சொன்னா சொன்னதுதான்."

சீஸை வாங்கினாள். அவரை மரநிழலில் நிற்கச் சொன்னாள். "ஒரு சாமான் விட்டுப்போச்சு. இதோ வந்துட்டேன்" என்று இரண்டு கடை தள்ளிப் போய், ஒரு துணிப்பையோடு வந்தாள். பையின் வாயில் வெங்காயத் தாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெயிண்டர் பையை வாங்கினார். தோள்பட்டை இறங்கியது.

"என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?"

"வீட்டுக்கு வேண்டியதுதாங்க."

"இல்ல... இந்தக் கனம் எங்கேயோ பழகின கனமா இருக்கே."

"நம்ம வீட்டுக் கனம் நமக்குப் பழகாதா? வாங்க, வெயில் ஏறுது."

அவர் கை அந்தப் பையை வாகாகப் பிடித்துக்கொண்டது. காலும் தானாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தது. எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வீடு வந்ததும் அவள் பையை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். வெங்காயத் தாளை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போனாள். அவரும் அதை மறந்துபோனார்.

ஞாயிறு காலை. பெயிண்டர் குளித்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தார். கையில் உறை பிரிக்காத புதுப் பட்டித் தகடு. இன்னொரு கையில் ரசமட்டம்.

"தகட்டைச் சுடுதண்ணியில கழுவிடுங்க" என்றாள் மனைவி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அவளுடைய வேலை இருந்தது.

பீன்ஸை மசித்தார். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் தகட்டால் ஓர் இழுப்பு இழுத்தார். மறு இழுப்பு. ரசமட்டத்தை விளிம்பில் வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அவருக்கே சிலிர்த்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தார். பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, படுத்துட்டீங்க?"

"காய வேண்டாமா?"

"எது?"

"கோட்டு! காயாத கோட்டு மேல இன்னொரு கோட்டு போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கொப்புளம் விடும். உரியும். மழை வந்தா கையோட வரும்."

"பாத்திரத்துக்குள்ள மழையாங்க?"

"தொழில்ல குறுக்க பேசாதே."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். இதுவும் அவருக்குப் புரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் இன்னும் நாலு வார்த்தை பேசுவாள்.

அவர் அரைத் தூக்கம் போட்டு எழுந்தபோது பீன்ஸ் நன்றாகவே காய்ந்திருந்தது. கோடைக்காலத்து ஏரி மாதிரி நெடுகப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெயிண்டர் விரலால் தடவிப் பார்த்தார். இதென்ன பிரமாதம், தினம் பார்க்கிற வெடிப்புதானே.

"ஏம்மா, உப்புத்தாள் எங்க இருக்கு?"

உள்ளே கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. "சாப்பாட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவா போறீங்க?"

"லேசா. மேல மட்டும்."

"கடவுளே, இவரை நீதான் பார்த்துக்கணும்" என்று சொன்னது மட்டும் கேட்டது. உப்புத்தாள் கிடைக்கவில்லை. அவர் எழுந்திருப்பதற்கு முன்பே அது மாவு டப்பாவுக்குப் பின்னால் போயிருந்தது.

சரி, பிரைமர் வெடிப்பை அடைத்துவிடும் என்று அவகாடோவைத் தேடினார். முதலிலேயே மசித்து வைத்திருந்தார். பச்சையாக வைத்தது பழுப்பாக இருந்தது.

மனைவியும் வந்து பார்த்தாள். "பச்சைன்னுதானே பொண்ணு சொன்னா?"

"பச்சைதான் இது."

"பழுப்பா இருக்கே?"

"உனக்கு எப்படிப் புரிய வைக்கிறது? எந்தக் கலரும் ஈரத்துல ஒண்ணு காட்டும், காஞ்சா ஒண்ணு காட்டும். இப்ப நடுவில இருக்கு. இரு, முழுசாக் காயட்டும். பச்சைக்கு வந்துடும்."

வெடித்த பீன்ஸ் மேலே பழுப்பைத் தடவினார். ஃபேனை இன்னும் வேகமாக வைத்தார். பாய்க்குத் திரும்பினார். அவர் காத்திருந்தார். அது பச்சைக்கு வரவில்லை. பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போனது. இருபது வருஷ அனுபவத்தில் இப்படி எதிர்த்திசையில் போகிற கலரை அவர் பார்த்ததில்லை. மண்டை காய்ந்துபோய் மகளுக்குப் போன் போட்டார்.

"கம்பெனிச் சரக்கே சரியில்லம்மா. காயக் காயக் கறுக்குது."

"எது காயுது?"

"டிப்பு. ஃபேனுக்கு அடியில வெச்சிருக்கேன்."

மகள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "அப்பா! அது காயவே கூடாதுப்பா! ஈரத்து மேல ஈரம்தான். மசிச்ச உடனே எலுமிச்சை பிழிஞ்சு, உடனே தடவி, உடனே மூடி, ஃபிரிட்ஜுல வைக்கணும்."

"ஈரத்து மேல ஈரமா?"

"ஆமாப்பா."

"உரியாதா?"

"உரியறதுக்குள்ள தின்னுடுவோம்ப்பா."

அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்து மேல ஈரம். இது என்ன நியாயம்? அப்படியானால் உலகத்தில் இன்னும் என்னென்ன தலைகீழாக இருக்கிறதோ. ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுப் போகிற சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. பாதி நாள் போய்விட்டது. சாமானும் போய்விட்டது.

அப்போது மனைவி வந்து அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். இன்னொரு பீன்ஸ் டப்பா. இன்னொரு பங்கு அவகாடோ. பாதியாக வெட்டிய எலுமிச்சை. கழுவித் துடைத்த இன்னொரு கண்ணாடிப் பாத்திரம்.

"எழுந்திருங்க. இன்னும் நேரம் இருக்கு."

பெயிண்டர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஏம்மா... நான் தோத்தாத்தானே உனக்கு நல்லது?"

"என் புருஷன் நாலு பேர் முன்னாடி தோத்தா எனக்கு என்னங்க நல்லது?"

இவளிடம் போய்ப் பந்தயம் கட்டினோமே என்று இருந்தது. கூடவே, இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்ற குழப்பம் இரண்டு பங்கானது.

இந்த முறை கை பேசியது. ஈரத்து மேல் ஈரம் போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்; கை மட்டும் தடுமாறவில்லை. சிவப்பு, அதன்மேல் பச்சை, அதன்மேல் வெள்ளை. தக்காளியின் தண்ணீரை வடித்துப் பரப்பினார். இளமஞ்சள் சீஸைத் தூவி, ஓரத்தில் வெங்காயத் தாளால் பார்டர் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் கோடு கோடாக, நூல் பிடித்த மாதிரி நின்றது. ரசமட்டக் குமிழி அசையவே இல்லை.

பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். மனைவியும் பக்கத்து வீட்டு டிரைவரின் மனைவியும் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் முழுசாக வெளியே வந்தது. தலை, கழுத்து, திமில், நாலு காலும்.

"எதுக்கு இதை நகர்த்தறே?"

"மேசை போட வேற இடம் எங்க இருக்கு? உங்க பாத்திரம் எல்லார் கண்ணுலயும் பட வேண்டாமா?"

"பாத்திரம் சரி. ஆனா பின்னாடி..."

"பின்னாடி என்ன?"

"அதான்..."

"எதுங்க?"

"சுவர்!"

"நீங்கதான் சொல்றீங்க. நான் வாயைத் திறக்கல."

டிரைவரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெயிண்டருக்கு அதுவும் ஏன் என்று விளங்கவில்லை.

மேசையை ஒட்டகத்தின் காலடியில் போட்டார்கள். நடுவில் பாத்திரத்துக்கு இடம். பக்கத்தில் மகள் படிக்கிற காலத்து மேசை விளக்கு. மனைவி அதைப் போட்டு, கழுத்தைத் திருப்பி வைத்தாள். வெளிச்சம் பாத்திரம் இருக்கப்போகிற இடத்தில் விழுந்து, சுவரோடு பக்கவாட்டில் ஓடியது. பெயிண்டருக்குப் பல் கூசியது. பக்கவாட்டு வெளிச்சம் சுவருக்கு எமன். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்கிற மேடு பள்ளமெல்லாம் அதில் எழுந்து நின்று ஆஜர் சொல்லும்.

"விளக்கை இந்தப் பக்கம் திருப்பேன்."

"பாத்திரத்துக்குத்தாங்க வெளிச்சம். உங்க கோடெல்லாம் தெரிய வேண்டாமா?"

தெரியத்தான் வேண்டும். அவர் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டார். பொத்தான் போடும்போதுகூடக் கண் சுவர் பக்கமே போனது. இத்தனை நாளும் அவள் சுவர் சுவர் என்று சொல்லச் சொல்ல, அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். இப்போது யாரும் சொல்லவில்லை. அதனால் அவரே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். கூட மூன்று பிள்ளைகள். பக்கத்து வீட்டிலிருந்து பஸ் டிரைவரும் மனைவியும் வந்தார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு தாய் கடவுளைக் கும்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் இரண்டு வார்த்தை நன்றி சொன்னாள். பிறகு பாத்திரம் வந்தது.

"ஐயோ அங்கிள்! இதைக் கலைக்க மனசே வரலையே!" என்றாள் ஒரு பெண்.

"எனக்கு வரும்" என்று டிரைவர் முதல் சிப்ஸைக் குத்தினார். தோண்டிய சிப்ஸில் நாலு கலரும் அடுக்காக ஏறி வந்தது. வாயில் போட்டார். கண்ணை மூடினார். அடுத்த சிப்ஸை எடுத்தார்.

அவ்வளவுதான். நாலு பக்கமும் கை. டிரைவரின் மனைவி செய்து கொண்டுவந்த பலகாரம்கூட ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பெயிண்டர் ஓரக்கண்ணால் பாத்திரத்தை அளந்தார். பாதி. அதற்கும் கீழே. அடிக் கோட்டு தெரிந்தது. அவர் மனக்கண்ணில் பாயும் ரேடியோவும் ஃபேனும் வரிசையாக வந்து வணக்கம் சொல்லின.

கடைசிச் சிப்ஸால் பாத்திரத்தின் அடியை வழித்துக்கொண்டே ஒரு பையன் கேட்டான். "எப்படி அங்கிள் இவ்வளவு நேரா வந்துச்சு? நாங்க செஞ்சா எல்லாம் ஒண்ணாக் கலந்து சேறாயிடும்."

"அவரே சொல்லுவாரு" என்றாள் மனைவி. "அவர் சொன்னாத்தான் விளங்கும்." சொல்லிக்கொண்டே, கழுவி வைத்திருந்த பட்டித் தகட்டை எடுத்து, வெகு சாதாரணமாக, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெயிண்டர் தகட்டை எடுத்தார். தகடு கையில் இல்லாமல் அவருக்குத் தொழில் பேசவே வராது.

"விஷயம் அடியில இருக்கு தம்பி. அடி சரியா அமைஞ்சா மேல போடறது தானா நிக்கும்."

"அடி சரியில்லேன்னா?"

"நிக்காது!"

"மேல என்ன நல்ல சரக்குப் போட்டாலுமா?"

"தங்கத்தையே பூசினாலும் நிக்காது. இப்ப... இதைப் பாருங்க." அவர் திரும்பினார். விளக்கு வெளிச்சத்தில் ஒட்டகம் தயாராக நின்றது. "இந்தத் திமில் இருக்கே, தட்டிப் பார்த்தா டொக் டொக்குனு கேக்குதா? உள்ள காத்து. இதுக்கு மேல யார் பூசினாலும் ஆறு மாசம் தாங்காது. முதல்ல என்ன செய்யணும்?"

"என்ன செய்யணும் அங்கிள்?"

"சுரண்டணும்! தகட்டை இப்படிப் படுக்க வெச்சு, கீழேர்ந்து மேல..."

சரக்கென்று ஓர் இழுப்பு. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து மேசை மேல் விழுந்தது. பாத்திரம் இருந்த இடத்தில்தான் விழுந்தது. பாத்திரம் அங்கே இல்லை. ஒரு நொடி முன்னால் மனைவி அதை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஆஹா, என்ன சுளுவா வருது!" என்றான் பையன். "நான் ஒண்ணு இழுக்கட்டுமா?"

"தகட்டைச் சாய்ச்சுப் பிடி. அழுத்தாதே. அப்படித்தான்!"

கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் பெயிண்டருக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. ஒட்டகத்தின் கழுத்தை ஒருத்தி எடுத்தாள். கால்களை டிரைவர் எடுத்தார். ஒன்று கிடைத்தால் இன்னொன்று என்று கை பரபரத்தது. மேசையைத் தள்ளினார்கள். கீழே பழைய போர்வை விரித்திருந்ததால் தரையில் ஒரு துகள் விழவில்லை. யாரோ நல்லவேளையாக முன்பே விரித்து வைத்திருந்தார்கள்.

இத்தனை அமர்க்களத்திலும் மனைவி சமையலறை வாசலில் நின்று டிரைவரின் மனைவியோடு காப்பகத்துக் கதை பேசிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் காதில் பாதிதான் விழுந்தது.

"சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளைகிட்ட நாங்க சோத்தைப் பத்தியே பேச மாட்டோம்மா. தட்டைப் பக்கத்துல வெச்சிட்டு வேற பக்கம் பார்ப்போம்."

"அப்புறம் அக்கா?"

"அதுவே எடுத்துத் தின்னுடும்."

பாவம், எந்தப் பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே அவர் அடுத்த பொருக்கைப் பெயர்த்தார்.

ஒட்டகம் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மொட்டைச் சுவர் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். டிரைவர் தலைமுடியில் விழுந்த தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "பெயிண்டரே, எந்தக் கலர் அடிக்கப் போறீங்க?"

"இளமஞ்சள்!" வாய் தானாகச் சொன்னது. "வெள்ளைன்னா மொட்டையா இருக்கும். காவின்னா இருட்டடிக்கும்."

"எப்பப்பா?" என்று கேட்டாள் மகள். ஆசையாகக் கேட்டாள். நாலு பேர் முன்னால் கேட்டாள். கண் அகல அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த..." என்றார். நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. "அடுத்த ஞாயிறு."

வந்தவர்கள் போனார்கள். மகளும் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனாள். பெயிண்டர் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். மனைவி வந்து கண்ணாடிப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள். வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை பீன்ஸ் இல்லை.

"ஏம்மா... நான்தானே ஜெயிச்சேன்?"

"ஆமாங்க. அதிலென்ன சந்தேகம்? பாத்திரம் காலி."

"அப்ப நீ தோத்துட்டே?"

"தோத்துட்டேங்க."

"நீ வாயைத் திறக்கவும் இல்லை?"

"ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லை. முதலிலிருந்து கடைசி வரை எண்ணிப் பார்த்தார். சுவர் என்று சொன்னவர் அவர். தட்டியவர் அவர். சுரண்டியவர் அவர். கலர் சொன்னவர், நாள் சொன்னவர், எல்லாம் அவர். அப்படியென்றால் ஜெயித்தவருக்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை இல்லை? கணக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக ஒரு நூல் கிடைத்தது. பிடித்துக்கொண்டார்.

"சரி, அடிக்கலாம். ஆனா பெயிண்ட் வேணுமே? இளமஞ்சள் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. சொல்லிவெச்சுக் கலக்கி வாங்கணும். அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"அப்படிங்களா?" என்றாள் மனைவி. கண்ணை மூடிக் கைகூப்பி, அன்றைய பொழுதுக்கு நன்றி சொன்னாள். கண்ணைத் திறந்து, ஒட்டகம் இல்லாத சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"மாடிப்படிக்குக் கீழே இருக்குங்க. நேத்து நீங்கதானே கடைத்தெருவிலிருந்து தூக்கிட்டு வந்தீங்க."